கீல் உள்பக்கம்

பிறந்த வீட்டின் பின்சுவர் ஆற்றில் விழுந்த செய்தி கண்டக்டருக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைக் காதில் வைத்திருந்தாள். பேசியது அவளுடைய அண்ணன்.

"பாப்பா, பின்கட்டு போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"சுவரு, கிணறு, அந்தப் பக்கம் இருந்த ரெண்டு ரூம். காலைல எழுந்து பார்த்தா நடையிலேர்ந்தே ஆறு தெரியுது."

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருடமாகப் பேருந்தில் சீட்டுக் கிழிக்கிறாள். குரலை உயர்த்தினால் படிக்கட்டில் தொங்குகிறவன் தானாக உள்ளே ஏறிவிடுவான். அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது இந்த அண்ணன் ஒருவன்தான்.

"நீ உடனே கிளம்பி எங்க வீட்டுக்கு வந்துடு."

"அதுக்கு நான் கூப்பிடல. கதவெல்லாம் எடுக்கணும்னா நாளைக்கே ஒரு தச்சரைக் கூட்டிட்டு வா. மாப்பிள்ளைகிட்ட லாரி கேளு. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கா இருந்தா வராத."

போன் அடங்கிவிட்டது. அடுத்த நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட்டபோதுதான் விசில் ஊதினாள்.

அந்த வீட்டைக் கட்டியவர் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா. ஆற்றில் மரங்களை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து வியாபாரம் செய்தவர். விற்காமல் தனக்கென்று ஒதுக்கி வைத்த மரத்திலெல்லாம் வீட்டுக்குக் கதவு செய்தார். மூன்று விரல் கனத்தில் பலகை. பித்தளைக் குமிழ், இரும்புச் சங்கிலி, முழங்கை நீளத்துக்குத் தாழ்ப்பாள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து கதவுகளைப் படமெடுத்துப் போவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் நீலப் பலகை அடித்தார்கள். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம், ஓர் ஆணியைக்கூட அகற்றக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

ஆறு மட்டும் அதைப் படிக்கவில்லை. மூன்று மழைக்காலமாகக் கரையை அரித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் அன்று மாலை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் குரலைத் தாழ்த்தி, "எடுத்துக்குங்கம்மா. எங்ககிட்ட கேட்டதா மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது. கடைகளில் இருக்கும் எடைத் தராசுகளைப் பழுது பார்ப்பது தொழில். தெருவில் அவருக்குப் பெயரே தராசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கீலுக்கும் எண்ணெய் விடுவார். நுணுக்கமான ஆள், பிடிவாதக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால், கரையில் இருந்த குடும்பங்களுக்கெல்லாம் மேட்டில் மாற்று மனை தருவதாகச் சொன்னார்கள். வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை போட்டாள். தராசு மறுத்துவிட்டார். கெடு முடிந்து மனை கைவிட்டுப் போனது. இரண்டு அறை வாடகை வீட்டில் கணவனோடும் இரண்டு பெண்களோடும் இருந்த தங்கை அதற்குப் பிறகு ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே லாரி போய் நின்றது. ஓட்டி வந்தவர் அவளுடைய கணவர். செங்கல் ஏற்றும் வண்டி, முதலாளியிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியது. கூட வந்த தச்சர் அறுபதை நெருங்கியவர், காதில் பென்சில் செருகியிருந்தார். தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். மீதிப் பேர் கட்டிலையும் அடுப்பையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

தராசு வாசலில் நின்றார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் நூல்கண்டும் அட்டைத் துண்டுகளும் இருந்தன.

"ஒவ்வொரு கதவுக்கும் நம்பர் எழுதியிருக்கேன்," என்றார். "கீலு, தாழ்ப்பாள், ஆணி எல்லாம் அந்தந்தக் கதவு நம்பரோட தனித்தனிப் பையில. கலந்துடக் கூடாது."

"முதல்ல நீ என்ன எடுத்து வச்சிருக்க? உன் துணிமணி எங்க?" என்றாள் தங்கை.

"அதெல்லாம் கடைசியில. சின்ன மூட்டைதான."

அவளுக்கு மனம் லேசானது. கதவுகள் போனால் அவரும் பின்னாலேயே வருவார் என்று தான் கணக்குப் போட்டது சரிதான் என்று நினைத்தாள். பிடிவாதக்காரரைப் பேசித் திருத்த முடியாது, வேலையில் இறக்கிவிட்டால் இழுத்துக்கொண்டு போகலாம் என்று வரும் வழியில் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

மொத்தம் பதினொரு கதவுகள். தச்சர் வாசல் கதவில் ஆரம்பித்தார். அதற்குக் கீல் கிடையாது. இரட்டைக் கதவு, மேலும் கீழும் குடுமி வைத்து நிலையின் குழியில் சுழல்வது. மேல்கட்டையைக் கழற்றினால்தான் வெளியே வரும். கட்டையில் உளி வைத்து நாலு தட்டுத் தட்டிவிட்டுத் தச்சர் பெருமூச்சு விட்டார்.

"இதைச் செஞ்சவன் எவனோ, கழட்டவே கூடாதுன்னு செஞ்சிருக்கான்."

ஒரு கதவை நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. கண்டக்டரின் கணவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இது கதவா, யானைக்குட்டியா?" என்றார். தராசு சிரித்தார். பல மாதம் கழித்து அவர் சிரித்ததை அன்றுதான் தங்கை பார்த்தாள்.

பத்து மணிக்குள் ஏழு கதவுகள் லாரியில் ஏறின. கதவில்லாத அறைகள் வழியாக ஆற்றுக்காற்று நேராக வந்து முகத்தில் அடித்தது. பின்னால் மண் சரிந்து விழும் சத்தம் அவ்வப்போது கேட்டது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு, பிறகு வேலையைத் தொடர்ந்தார்கள். முற்றத்தின் தளத்தில் ஒரு கீறல் இருந்தது. காலையில் நூல் போல இருந்தது, பத்தரைக்குப் பார்த்தபோது தச்சரின் பென்சில் அதற்குள் விழுந்துவிட்டது.

தெருவில் ஒலிபெருக்கி வைத்த ஜீப் போனது. பகல் பன்னிரண்டு மணிக்குள் தெரு காலியாக வேண்டும், மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று அறிவித்தார்கள்.

பத்துக் கதவுகள் ஏறியபோது பதினொன்றே கால். மிச்சமிருந்தது ஒன்று. முற்றத்தைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய பக்கத்தில் இருந்த சின்ன அறை. ஒரு காலத்தில் மர வியாபாரத்தின் பத்திரங்களை வைத்திருந்த இடம், இப்போது தராசின் வேலை அறை. ஜன்னல் உயரத்தில், கம்பி போட்டு, இரண்டு கை அகலத்துக்கு. மற்றக் கதவுகளைவிட அதன் கதவு தடிப்பு.

"உள்ள என் சாமான் இருக்கு," என்றார் தராசு. "கட்டிட்டு வந்துடறேன். அப்புறம் இதையும் கழட்டிடலாம்."

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தங்கைக்கு முதலில் புரியவில்லை. உடை மாற்றுகிறார் என்று நினைத்தாள். இரண்டு நிமிடம் நின்றாள். தட்டினாள்.

"அண்ணே, நேரமாகுது."

"நீங்க கிளம்புங்க, பாப்பா. பத்துக் கதவு போதும்."

"என்ன பேசற நீ?"

"பையெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்க. மூணாம் நம்பர்ல ஒரு குமிழ் ஆடும். தச்சர்கிட்ட சொல்லு."

அவள் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். பேருந்தில் எப்படி அதட்டுவாளோ அப்படி அதட்டினாள். கெஞ்சினாள். உன் மருமகள்கள் காத்திருக்கிறார்கள் என்றாள். தச்சர் தள்ளி நின்று தரையைப் பார்த்தார். லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் ஓடிவந்து தோளால் மோதிப் பார்த்தார். கதவு அசையவில்லை, தோள்தான் வீங்கியது.

கடைசியில் அவள் கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரல் போயிருந்தது.

"எதுக்குண்ணே இப்படிப் பண்ற?"

அவர் பேசினார். கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் அவளுடைய காது மட்டத்தில் வந்தது.

"அன்னிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னது நான். உன் பொண்ணுங்களுக்குன்னு வந்த மனை அது. மண்ணா போச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் வீட்டுல வந்து சாப்பிடுவேன்? ரெண்டு ரூம்ல நான் எங்க படுப்பேன்? மாப்பிள்ளை நல்லவர், ஒண்ணும் சொல்ல மாட்டார். அதுதான் தாங்காது."

"அதுக்காக ஆத்துல போவியா?"

"இந்த வீட்டோட இருந்தேன். இதோட போறேன். யாருக்கும் பாரமில்ல."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தனை வருடம் வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது. "நீ நிம்மதியா போயிடுவ. நான் தினம் அந்தப் பாலத்து மேல பஸ்ல போகணும். ஒரு நாளைக்கு எட்டு நடை. எட்டு நடையும் இந்த ஆத்தைப் பார்த்துக்கிட்டுச் சீட்டுக் கிழிக்கணும். அதை நினைச்சியா? மனை போனா போகட்டும். உன்னை நான் ஆறு மாசம் திட்டினேன், தீந்து போச்சு. இது தீருமா?"



அப்போது வீடு அசைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல ஓர் அசைவு, ஓடுகள் சில உதிர்ந்து முற்றத்தில் உடைந்தன, அவ்வளவுதான். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. கண்டக்டர் எழுந்து நின்றாள்.

உள்ளே கால்கள் ஓடும் சத்தம். இரும்பு உரசும் சத்தம். மறுபடி, மறுபடி.

"பாப்பா."

அந்தக் குரல் மாறியிருந்தது.

"பாப்பா, தாழ்ப்பாள் வரமாட்டேங்குது."

நிலை கோணிவிட்டது. முழங்கை நீளத் தாழ்ப்பாள் அதன் குழிக்குள் இறுகிக்கொண்டது. ஒரு மனிதர் சாக வேண்டும் என்று முடிவெடுத்து உட்கார்ந்திருந்தார், வீடு ஒருமுறை அசைந்தது, அவருக்கு உயிர் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே கொள்ளுத்தாத்தாவின் கதவு நின்றது.

"உடைங்க," என்று உள்ளிருந்து கத்தினார். "எதை வேணாலும் உடைங்க."

காலையிலிருந்து ஓர் ஆணி வளைந்தாலும் முகம் சுளித்த மனிதர். தச்சர் கடப்பாரையை எடுத்துப் பலகையின் நடுவில் ஓங்கிக் குத்தினார். ஒரு விரல் ஆழத்துக்குக் குழி விழுந்தது. இன்னொரு குத்து. சின்னச் சிலாம்புதான் தெறித்தது.

"இரும்பு மாதிரி இருக்குதும்மா. இதை உடைக்க ஒரு மணி நேரம் வேணும்," என்றார் அவர் மூச்சிரைக்க. "கீலு உள்பக்கம். ஐயா, கேக்குதா? மூணு கீல் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு ஆணி. அதைக் கீழேர்ந்து மேல தட்டி எடுங்க. முதல்ல மேல் கீல்."

"சுத்தியல் வெளிய இருக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"திருப்புளி இருக்கு. எடைக்கல்லு இருக்கு."

"ரெண்டு கிலோக் கல்லை எடுங்க. திருப்புளிய ஆணிக்கு அடியில வச்சுக் கல்லால அடிங்க. பதறாதீங்க."

டங் டங் என்று சத்தம் வந்தது. கண்டக்டர் கதவில் கையை வைத்திருந்தாள், ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் தெரிந்தது. மாதாமாதம் எண்ணெய் விட்ட கீல் அது. முதல் ஆணி பத்தாவது அடியில் வந்துவிட்டது. உள்ளே அது தரையில் உருளும் சத்தம் கேட்டது. நடுக்கீலின் ஆணி இன்னும் சீக்கிரம் வந்தது.

முற்றத்துக் கீறல் பிளந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் வாசலும் லாரியும். நடுவே ஓர் ஆள் தாண்டுகிற அகலம், பிறகு தாண்ட யோசிக்கிற அகலம். உள்ளே இருட்டு, அடியில் தண்ணீர் ஓடும் ஓசை. கணவர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எட்டித் தாண்டி லாரிக்கு ஓடினார்.

"கீழ்க் கீல் வரல," என்றார் தராசு. "எடை அதுமேலதான் நிக்குது. வளைஞ்சு போச்சு."

"விடுங்க. தள்ளி நில்லுங்க," என்றார் தச்சர். மேல் கீல் இருந்த இடத்தில் கதவுக்கும் நிலைக்கும் இடையே கடப்பாரையைச் செருகினார். அவரும் கண்டக்டரும் அதில் தொங்கினார்கள். மரம் முனகியது. இரண்டு விரல் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் தராசின் விரல்கள் வந்து பற்றின. மறுபடி தொங்கினார்கள். கீழ்க் கீல் திருகாணிகளோடு பிய்ந்துகொண்டு வந்தது. கதவு மேல்பக்கமாகச் சாய்ந்தது, அந்தச் சந்தில் அவர் உடம்பைத் திணித்து, சட்டை கிழிந்து, தோள் உரசி வெளியே வந்து விழுந்தார். கையில் இன்னும் எடைக்கல் இருந்தது.

யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நேரமில்லை. முற்றம் பாதிக்கு மேல் பிளந்திருந்தது. அந்தப் பக்கத்தில் கணவரும், ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்த இரண்டு காவலர்களும் ஒரு பெரிய பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரியின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது அதுதான், வாசல் கதவின் இடது பாதி. பிளவின் குறுக்கே அதைப் போட்டார்கள்.

"அதுல எப்படி மிதிக்கிறது?" என்றார் தராசு. நிஜமாகவே கேட்டார்.

தங்கை அவருடைய கழுத்துப்பட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "ஏறு. உள்ள போ. நிக்காத," என்றாள். அவர் பித்தளைக் குமிழ்களின் மேல் தடுக்கிக்கொண்டே தாண்டினார். பின்னால் தச்சர். கடைசியில் அவள். அவள் கால் அந்தப் பக்கம் பட்டபோது பலகையின் ஒரு முனை கீழே இறங்கியது. திரும்பிப் பார்க்கையில் கதவு செங்குத்தாக நின்றிருந்தது, பிறகு இல்லை. லாரி தெருமுனையை அடைவதற்குள் முற்றமும் சின்ன அறையும் போய்விட்டன. புழுதி அடங்கியபோது வாசல் நிலை மட்டும் தனியாக நின்றது, பக்கத்தில் அந்த நீலப் பலகையோடு. சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது.

தங்கை வீட்டில் தராசு பதினெட்டு நாள் யாரிடமும் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். பெண்கள் இருவரும் தங்கள் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு அம்மாவோடு படுத்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். வேலைக்குப் போகும்போது கண்டக்டர் ஒவ்வொரு நாளும், தோள் வீக்கத்தால் வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்த கணவனிடம், "கூடவே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பாலத்தைத் தாண்டும்போது அவள் இன்னும் பணப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

கதவுகள் பேருந்துப் பணிமனையின் பின்னால் ஒரு கொட்டகையில் கிடந்தன. பத்தில் ஒன்று பாதி. அந்தக் கொட்டகைக்கு அடுத்த காலியிடத்தில்தான் கரைத் தெருக்காரர்களுக்குத் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தகரத்தில் சுவர், தகரத்தில் கூரை, வாசலுக்குச் சாக்குத் துணி. அங்கிருந்து ஒரு பெண் பணிமனைக்கு வந்து கண்டக்டரைத் தேடினாள். ஆற்றங்கரையில் எதிர்வீட்டில் இருந்தவள், துணி தைப்பவள். புருஷன் இல்லை, வயதுக்கு வந்த மூன்று பெண்கள்.

"சாக்கைத் தள்ளிட்டு எவனெவனோ உள்ள எட்டிப் பார்க்கறான்," என்றாள். "ராவுல நாங்க மாறி மாறி முழிச்சிருக்கோம். உங்க கதவுல ஒண்ணு குடுத்தீங்கன்னா."

கண்டக்டரால் சரி என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகிடம் அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னாள். முதுகு அசையவில்லை. காலையில் எழுந்தபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

தச்சர் வந்து அளந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "இவ்வளவு எடையைத் தகரம் தாங்காது. உயரமும் ஒரு முழம் அதிகம். அப்படியே வைக்க முடியாது."

"பின்ன எப்படி வைக்கலாம்?" என்றார் தராசு.

"அறுக்கணும். குறுக்கால ஒரு அறுப்பு. அப்புறம் கனத்துல நெடுக்கப் பிளந்தா ஒரு கதவுல ரெண்டு மெல்லிசுக் கதவு வரும். மூலைக்கு ஒரு மரக்கால் நட்டு அதுல கீல் அடிக்கலாம்." தச்சர் தயங்கினார். "அறுத்துட்டா அப்புறம் அது பழைய கதவு இல்லைங்கய்யா."

தராசு கதவுகளின் அருகே போனார். அட்டைகளைப் புரட்டினார். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்துத் தங்கை பக்கத்தில் போகப் பார்த்தாள், கணவர் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு அவர் ஐந்தாம் நம்பர் அட்டையின் நூலை அறுத்தார். அது அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் படுத்திருந்த அறையின் கதவு. இரண்டு கட்டைகளின் மேல் அதைக் கிடத்தினார்கள். தராசு தச்சரிடமிருந்து பென்சிலை வாங்கி, மட்டப்பலகை வைத்து, குறுக்கே கோடு போட்டார். கோடு கோணியது. அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டார்.

தச்சர் ரம்பத்தை எடுத்தார். தராசு மறுமுனையில் முழங்காலிட்டுப் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தூள் பறந்து அவர் முகத்தில் படிந்தது. அவர் துடைக்கவில்லை. பாதி அறுத்ததும் தச்சர் மூச்சு வாங்க நின்றார்.

"பாப்பா," என்றார் தராசு, தலையைத் தூக்காமலே. "அந்தம்மாகிட்ட கேளு, கதவு உள்பக்கம் திறக்கணுமா, வெளிப்பக்கம் திறக்கணுமான்னு. தச்சருக்குக் கொஞ்சம் தண்ணியும் கொண்டா."